தமிழ் ஃபான்ட் குவியலைப் பிரித்து அடுக்குவது எப்படி?

தடித்தது, கையெழுத்து, தலைப்புக்கானது என்ற பிரிவெல்லாம் அப்புறம். தமிழ் ஃபான்ட் என்றால் முதலில் பார்க்க வேண்டியது என்கோடிங், அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற கணக்கு. இன்றைய பொது முறையான யூனிகோடும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்த பழைய பாமினியும் ஒரே ஃபோல்டரில் கலந்து கிடக்கும்வரை எத்தனை அழகாக அடுக்கினாலும் வீண்.

1. ஓரிடத்தில் சேருங்கள். ஜிப்களைப் பிரித்து, எல்லாவற்றையும் ஒரு புதிய ஃபோல்டருக்கு நகலெடுங்கள். கூடவே வரும் உரிமக் கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள். அச்சுக்கோ விற்பனைக்கோ பயன்படுத்தலாமா என்பது அதில்தான் இருக்கும். விண்டோஸின் சொந்த ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் கை வைக்க வேண்டாம்.

2. இரட்டைகளைக் களையுங்கள். அச்சு அசலான நகல்களை டூப்குரு என்ற மென்பொருள் கண்டுபிடித்துவிடும். பெயர் மாற்றி உலவுபவைதான் தொல்லை. கோப்பைத் திறந்தால் மேலே தெரிகிறதே, அந்த உள்பெயரைத்தான் வேர்டு பார்க்கும். கோப்பின் பெயரை அல்ல. உள்பெயர் ஒன்றே, கோப்பின் அளவு வேறு என்றால் பதிப்பு எண் பார்த்துப் புதியதை மட்டும் நிறுவுங்கள்.

3. என்கோடிங் சோதனை. பலரும் சறுக்குவது இங்கேதான். வேர்டில் யூனிகோடில் ‘தமிழ்’ என்று அடித்து, ஃபான்ட்டை மாற்றிப் பார்த்து, “தமிழ் வருகிறதே, யூனிகோட்தான்” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த ஃபான்ட்டில் யூனிகோட் தமிழ் இல்லாவிட்டால், விண்டோஸின் தமிழ் ஃபான்ட்களான லதாவையோ நிர்மலாவையோ வேர்டு சத்தமில்லாமல் இரவல் வாங்கிக் காட்டும். நாலைந்து ஃபான்ட்டில் ‘ஊ’ ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தால் இரவல்தான், சந்தேகமே வேண்டாம்.

விண்டோஸிலேயே இருக்கும் கேரக்டர் மேப் பொய் சொல்லாது. ஃபான்ட்டைத் தேர்ந்தெடுத்து, எழுத்தைச் சொடுக்கினால் கீழே பெயர் வரும். ‘க’ வடிவத்துக்குத் தமிழ் எழுத்து என்றே பெயர் வந்தால் யூனிகோட். ஏதோ ஆங்கில எழுத்தின் பெயரோ குறியின் பெயரோ வந்தால் பழைய என்கோடிங்.

பழையதில் எது? வேர்டில் அந்த ஃபான்ட்டைத் தேர்ந்தெடுத்து, ஆங்கில விசைப்பலகையில், சிறிய எழுத்தில், ஜே (j), கே (k), பி (p), ஓ (o), அரைப்புள்ளி (;) என ஐந்து விசைகளைத் தட்டுங்கள். ‘தமிழ்’ என்று வந்தால் பாமினி. ஆங்கிலம் ஆங்கிலமாகவே நின்றால் டேப் அல்லது டிஸ்கி என்ற பழைய என்கோடிங்காக இருக்கலாம்; அவற்றில் தமிழ், ஆங்கில எழுத்துகளுக்கு அப்பாலுள்ள மேல் 128 இடங்களில் உட்கார்ந்திருக்கும். வேறு தமிழ் எழுத்துகள் தாறுமாறாக வந்தால் ‘மற்றவை’ ஃபோல்டருக்கு அனுப்புங்கள். பெயரின் முன்னால் வரும் ‘டேப்’, ‘டிஎஸ்சி’ (டிஸ்கியின் சுருக்கம்) வெறும் துப்புதான். டிஎஸ்சியு_பரணர் மாதிரி டிஸ்கி, யூனிகோட் இரண்டும் உள்ளவையும் உண்டு. அவற்றை யூனிகோட் ஃபோல்டரில் வையுங்கள்.

4. எல்லாவற்றையும் நிறுவாதீர்கள். ஃபான்ட் பட்டியல் நீண்டுகொண்டே போகும், தேடுவதே வேலையாகிவிடும். தினசரி வேலைக்குப் பத்துப் பதினைந்து போதும். மற்றதற்கு என் தேர்வு நெக்ஸஸ்ஃபான்ட் என்ற மென்பொருள். நிறுவாமலேயே ஏற்றித் தரும். ஆனால் அதை மூடினால் ஃபான்ட்டும் போய்விடும், திறந்திருக்கும் ஆவணம் உருமாறும். ஃபோல்டரை இடம் மாற்றினாலும் இதே கதைதான். முதலிலேயே நிலையான இடம் பாருங்கள்.

பாமினியை மட்டும் பழசு என்று அழித்துவிடாதீர்கள். அதில் அடித்த பழைய கோப்பு ஒன்றைத் திறக்கும் அன்று, பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும்.