பத்தாம் வகுப்பு அறிவியல் ரிவிஷன்: "எந்த ஆக்சிஜன்?" என்று முதலில் கேளுங்கள்

ரிவிஷன் தேர்வுத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்காது. சேரன்மகாதேவியில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். பத்தமடை, வீரவநல்லூர், முக்கூடல் பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகள் வருகிறார்கள். வருஷா வருஷம் பிள்ளைகள் மாறுகிறார்கள், தவறுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. நாங்கள் படித்தபோது எங்கள் வகுப்பே செய்த அதே தவறுகள்தான்.

கையெழுத்து, அலகை விடுவது, வினா எண்ணை மாற்றிப் போடுவது பற்றியெல்லாம் பள்ளியிலேயே சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். நன்றாகப் படிக்கிற பிள்ளைகூட மார்க்கைக் கோட்டைவிடுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஆக்சிஜன் என்றதும் 16 என்று போடுவது

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்காத தவறு இது.

"16 கிராம் ஆக்சிஜன் வாயுவில் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன?" என்று பலகையில் எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் ஒருவன், "அவகாட்ரோ எண்க்கா! 6.023 × 10²³" என்றான்.

"எப்படில?"

"ஆக்சிஜன் 16. கேள்வியிலயும் 16. அப்போ ஒரு மோல்தானக்கா?"

"எந்த ஆக்சிஜன் 16?"

முழித்தான். இத்தனைக்கும் ஸ்லிப் டெஸ்டில் எல்லாம் முதல் ஆளாக வருகிற பையன். ஒரு மோல் என்றால் அவகாட்ரோ எண்ணளவு, அதாவது 6.023 × 10²³ துகள்கள் என்ற வரையறையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

16 என்பது ஆக்சிஜன் அணுவின் நிறை. கேள்வியில் கேட்டது ஆக்சிஜன் வாயு. நாம் மூச்சில் இழுப்பதிலும் சரி, ஆற்று நீரில் கரைந்து மீனுக்குப் போவதிலும் சரி, ஆக்சிஜன் இரண்டிரண்டு அணுக்களாகச் சேர்ந்துதான் இருக்கிறது. அதனால் அதன் மூலக்கூறு நிறை 32, அதாவது 32 கிராம்தான் ஒரு மோல். 16 கிராம் என்பது அரை மோல். மூலக்கூறுகளின் எண்ணிக்கை 3.0115 × 10²³.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பையன் சொன்ன எண் வேறொரு கேள்விக்குச் சரியான விடை. அதே 16 கிராமில் எத்தனை அணுக்கள் என்று கேட்டிருந்தால் 6.023 × 10²³ தான். அதனால்தான் இந்தத் தவறு கண்ணில் படாமல் தப்பிக்கிறது. எண் பழகிய எண்ணாக இருக்கிறது, வகுத்தல் சரியாக வருகிறது, மனசுக்குத் திருப்தியாகவும் இருக்கிறது. மார்க் மட்டும் வராது.

ஓசோனை வைத்துப் பாருங்கள், இன்னும் தெளிவாகும். அதில் மூன்று அணுக்கள், மூலக்கூறு நிறை 48. 16 கிராம் ஓசோன் என்பது மூன்றில் ஒரு மோல், அதாவது ஏறத்தாழ 2.008 × 10²³ மூலக்கூறுகள். அதில் உள்ள அணுக்களை எண்ணினால் மறுபடியும் 6.023 × 10²³. அணுக்கள் கூடவுமில்லை, குறையவுமில்லை. அவை எத்தனை எத்தனையாகச் சேர்ந்திருக்கின்றன என்பதுதான் மாறியிருக்கிறது. பாடத்தில் அணுக்கட்டு எண் (ஒரு மூலக்கூறில் எத்தனை அணுக்கள் என்பது) என்று அரைப் பக்கம் வருகிறதே, சின்னப் பகுதிதானே என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்தக் கணக்கு முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

எனக்குக் கோபம் பிள்ளைகள் மேல் இல்லை. "மோல் கணக்கு ஒரே பக்கத்தில்" என்று போனுக்குப் போன் சுற்றுகிற தாள்கள் மேல்தான். வாய்பாடுகளை வரிசையாகக் கட்டம் போட்டுக் கொடுத்திருப்பார்கள். நிறை கொடுத்தால் இது, எண்ணிக்கை கேட்டால் அது. எதை எண்ணுகிறோம் என்ற கேள்வி அந்தப் பக்கத்தில் எங்குமே இருக்காது. பிள்ளைகளும் கேள்வியில் இருக்கிற எண்ணை எடுத்து ஏதாவது ஒரு வாய்பாட்டுக்குள் தள்ளிவிடுகிறார்கள்.

இதற்கான விலையும் சின்னதில்லை. எழுத்துத் தேர்வு 75 மார்க்குக்கு. அதில் 22-வது, 32-வது வினாக்கள் கட்டாய வினாக்கள், சாய்ஸில் விட முடியாது. அங்கே இந்தக் கணக்கு வந்தால் ஒதுங்க இடமில்லை. அதோடும் போகாது. பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் குரூப் எடுத்தால் வேதியியலில் முதல் பாடமே வேதிக் கணக்கீடுதான். இங்கே கோணலாகப் படித்தவர்கள் அங்கே முதல் மாதத்திலேயே "எனக்கு கெமிஸ்ட்ரி வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எத்தனை நல்ல பிள்ளைகள் இப்படி மனம் விட்டுப்போய் நின்றிருக்கிறார்கள் தெரியுமா?

வழி எளிது. கணக்குக்கு முன்னால் ஒரு வரி எழுதுங்கள்: "எண்ணுவது மூலக்கூறு, ஆக்சிஜன், ஈரணு, 32." அப்புறம் வாய்பாட்டைத் தொடுங்கள். தேர்விலும் இந்த வரியை அடிக்காமல் விடுங்கள், அது விடையின் பகுதிதான்.

22.4 லிட்டரை எல்லாவற்றுக்கும் போடுவது

ஒரு மோல் தண்ணீரின் பருமன் கேட்டால் 22.4 லிட்டர் என்று எழுதுகிறார்கள். இருமல் மருந்து பாட்டிலோடு ஒரு அளவு மூடி கொடுப்பார்களே, அதில் 18 மில்லிக்குத் தண்ணீர் ஊற்றி மேசையில் வைத்துவிடுவேன். 18 கிராம். ஒரு மோல் தண்ணீர் அவ்வளவுதான், ஒரே மடக்கு. பக்கத்தில் 342 கிராம் சர்க்கரைப் பொட்டலம், அதுவும் ஒரு மோல். இரண்டையும் மாற்றி மாற்றிக் கையில் தூக்கிப் பார்த்த பிள்ளை அதற்குப் பிறகு மோலையும் எடையையும் குழப்புவதில்லை. 22.4 லிட்டர் என்பது வாயுக்களுக்கு, அதுவும் திட்ட வெப்ப அழுத்த நிலையில் (0 °C, ஒரு வளிமண்டல அழுத்தம்) மட்டும்.

வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்யும்போது கீழே உள்ள எண்ணைத் தொடுவது

வாய்பாட்டுக்கு முன்னால் எண் போடலாம், 2H₂O என்பது போல. கீழே கை வைத்து H₂O₂ என்று எழுதினால் தண்ணீர் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிவிடும்.

உயிரியலைத் தனியாக, வேதியியலைத் தனியாக மூடி வைப்பது

திசையன்விளைப் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டேன்: "பதநீர்க் கலயத்தில் ஏன் சுண்ணாம்பு தடவுகிறார்கள்?" "புளிக்காம இருக்கக்கா" என்று பட்டென்று வந்தது பதில். ஏன் புளிக்காது என்றேன். பேச்சில்லை. காற்றில்லாச் சுவாசம் பற்றி அதே பிள்ளைதான் முந்தின நாள் அழகாக எழுதியிருந்தாள்.

சுண்ணாம்பு தடவாத கலயத்தில் ஈஸ்ட் பெருகி, அந்தக் காற்றில்லாச் சுவாசத்தால்தான் பதநீரின் சர்க்கரையை எத்தனாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகிறது. நுரை பொங்குவது அந்த வாயுவால்தான். சுண்ணாம்பு என்பது கால்சியம் ஹைட்ராக்சைடு, ஒரு காரம். அது கலந்ததும் பதநீரின் பி.எச். மதிப்பு (அமில, காரத் தன்மையின் அளவு; குறையக் குறைய அமிலம் கூடும்) ஏறுகிறது, நொதிக்க வைக்கிற நுண்ணுயிர்கள் அதில் தழைக்க முடியாது. உயிரியலில் ஒரு பாடம், வேதியியலில் ஒரு பாடம், இரண்டும் ஒரே கலயத்தில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தால் மறக்காது.

பி.எச். என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பி.எச். 3 உள்ள கரைசல் 6 உள்ளதைவிட "இரண்டு மடங்கு அமிலம்" என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு. மூன்று படி இறங்கினால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு ஆயிரம் மடங்கு.

தமனி என்றால் சுத்த ரத்தம் என்று முடிப்பது

இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, உள்ளே கொண்டுவருவது சிரை. ரத்தம் எப்படிப்பட்டது என்பது இரண்டாவது கேள்வி. நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம், நுரையீரல் சிரையில் ஆக்சிஜன் மிகுந்த ரத்தம். கருவளர்ச்சிக் காலத்துத் தொப்புள்கொடியை எடுத்துக்கொண்டாலும் சிரையில்தான் ஆக்சிஜன் மிகுந்த ரத்தம் வரும்.

படம் வரையும்போது இன்னொரு தொல்லை. தாளில் உங்கள் இடது கைப்பக்கம் இருப்பது இதயத்தின் வலது பக்கம். மூவிதழ் வால்வு அங்கே வர வேண்டும், ஈரிதழ் வால்வு எதிர்ப்பக்கம். பாகம் குறிப்பதற்கு முன் தாளின் மேல் மூலைகளில் பென்சிலால் "வலது", "இடது" என்று எழுதிக்கொள்ளுங்கள். முடித்ததும் அழித்துவிடலாம்.

செடி இரவில் மட்டும் சுவாசிக்கும் என்று எழுதுவது

பகலிலும் சுவாசிக்கும். நல்ல வெயிலில் ஒளிச்சேர்க்கை அதைவிட வேகமாக நடப்பதால், மொத்தத்தில் வெளியே வருவது ஆக்சிஜனாக இருக்கிறது.