குவியலாக வரும் மோசடி மெயில்களைச் சலிப்பது எப்படி

திருப்பூரில் மூன்று பனியன் கம்பெனிகளுக்கு மெயில் சர்வர் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் சேர்த்து நானூறு மெயில் கணக்குகளுக்குக் கொஞ்சம் குறைவு. இங்கே வியாபாரமே மெயிலில்தான் ஓடுகிறது. ஆர்டர், சாம்பிள் அப்ரூவல், இன்வாய்ஸ், பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்பது வரை எல்லாம் அதில்தான். மோசடிக்காரர்களும் அதனால்தான் இங்கே வலை விரிக்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன், லேபிள் சப்ளை செய்யும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் பெயரில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று ஒரு மெயில் வந்தது. பணம் போனது, திரும்பவில்லை. பிறகு தேடும்போதுதான் தெரிந்தது, அந்த மெயிலைப் பற்றி அக்கவுண்ட்ஸில் இருக்கும் பெண் எனக்கு முன்பே எழுதியிருந்தார்: "அண்ணா, இது சரியான மெயில்தானா, கொஞ்சம் பாருங்க." அந்த வாரம் அப்படிச் சந்தேகப்பட்டு ஊழியர்கள் அனுப்பியவை நூற்றுக்கும் மேல். லாட்டரி, வருமான வரி ரீஃபண்ட், "உங்கள் மெயில்பெட்டி நிரம்பிவிட்டது" எல்லாவற்றுக்கும் நடுவில் அவருடைய கேள்வியும் படிக்கப்படாமல் கிடந்தது.

அதற்குப் பிறகு நான் அமைத்த ஏற்பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். குவியலின் பெரும்பகுதியைக் கருவிகளிடம் தள்ளிவிட்டு, மனிதக் கண் படிக்க வேண்டிய ஐந்தாறு மெயிலை மட்டும் மேலே கொண்டுவருவதுதான் இதன் வேலை. எல்லாம் திறமூல மென்பொருள். 16 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினி ஒன்றில் டெபியன் லினக்ஸ் போட்டு ஓட்டுகிறேன். அது அலுவலக நெட்வொர்க்கில் சேராமல் தனியாக இருக்கிறது.

முதலில், மெயிலை முழுசாக வாங்குங்கள்

பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். சாதாரணமாக ஃபார்வர்டு செய்தால் மெயிலின் உடம்பு வரும், தலை வராது. எந்த சர்வர் வழியாக வந்தது, கையொப்பம் சரியா என்பதெல்லாம் ஹெடரில் இருக்கிறது. ஃபார்வர்டு செய்தால் அதில் உங்கள் ஊழியரின் ஹெடர்தான் இருக்கும். அதனால் "அட்டாச்மென்ட்டாக ஃபார்வர்டு செய்யுங்கள்" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் ஒவ்வொரு செக்‌ஷனாகப் போய் உட்கார்ந்து, அவரவர் திரையிலேயே செய்து காட்டினேன். சுற்றறிக்கை அனுப்பிப் பார்த்தேன், வேலைக்கு ஆகவில்லை.

புகார் மெயில்களுக்கென்று தனியாக ஒரு முகவரி வையுங்கள். அந்த முகவரிக்கு மட்டும் ஸ்பாம் வடிகட்டியை நிறுத்திவிடுங்கள். இதை மறந்தால், ஊழியர் அனுப்பும் மோசடி மெயிலை உங்கள் வடிகட்டியே மோசடி என்று தூக்கி எறிந்துவிடும். முதல் இரண்டு வாரம் எனக்குப் புகாரே வராமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

அந்தப் பெட்டியிலிருந்து மெயில்களை இறக்க எம்பிசிங்க் பயன்படுத்துகிறேன். அது மெயில்டிர் வடிவில், மெயிலுக்கு ஒரு கோப்பாகச் சேமிக்கும். குவியலில் வேலை செய்ய இதுதான் வசதி. எல்லா மெயிலும் ஒரே கோப்பாக இருக்கும் எம்பாக்ஸ் வடிவில் ஒரு மெயில் கெட்டால் பிரிப்பதில் தகராறு வரும். அவுட்லுக்கிலிருந்து எம்எஸ்ஜி கோப்பாக வந்தால் எம்எஸ்ஜிகன்வர்ட் என்ற பெர்ல் கருவி அதைச் சாதாரண மெயில் கோப்பாக மாற்றித் தரும்.

புகாருக்குள் ஒட்டியிருக்கும் மூல மெயிலைத் தனியே எடுத்து, அதற்கு ஒரு ஷா-256 ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கிடைக்கும் கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு, அதையே கோப்பின் பெயராக வைத்துவிடுகிறேன். ஒரே கோப்பு இரண்டு முறை வந்தால் தானாக ஒன்றாகிவிடும். மூலக் கோப்பை அதன் பிறகு யாரும் தொடக்கூடாது. அதை மெயில் மென்பொருளில் திறக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் படம் வெளி சர்வரிலிருந்து இறங்கினால், மெயில் படிக்கப்பட்டது என்று அனுப்பியவனுக்குத் தகவல் போய்விடும்.

ஹெடரைப் பிரிப்பது

பைத்தானில் மெயில்-பார்சர் என்று ஒரு நூலகம் இருக்கிறது, பிப் மூலம் நிறுவலாம். மெயில் கோப்பைக் கொடுத்தால் அனுப்பியவர், பதில் போகும் முகவரி, கடந்து வந்த சர்வர்கள், உடம்பு, இணைப்புகள் எல்லாவற்றையும் ஸ்கிரிப்ட் படிக்க வசதியான ஜேசான் வடிவில் பிரித்துத் தரும். மோசடி மெயில்கள் விதிப்படி எழுதப்பட்டிருக்காது. எழுத்துக் குறியாக்க அறிவிப்பு ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று என்று வரும். அதனால் நம் ஸ்கிரிப்ட் ஒரு மெயிலில் தடுக்கினால் நின்றுவிடாமல், அந்த மெயிலைத் தனிக் கோப்புறையில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். தடுக்கியவற்றைப் பிறகு கையால் பாருங்கள். வேண்டுமென்றே உடைத்து எழுதியவை அதில்தான் சிக்கும்.

'ரிசீவ்டு' வரிகளைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். ஒவ்வொரு சர்வரும் தன் வரியை மேலே ஒட்டிவிட்டுப் போகும். அதில் நம் சர்வர் ஒட்டியதை மட்டுமே நம்பலாம், அதற்குக் கீழே இருப்பதை அனுப்பியவனே இட்டுக்கட்டியிருக்கலாம். மெயில் அந்த டொமைனிலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் சோதனைகளின் முடிவுகளைச் சொல்லும் வரிக்கும் இதே கதைதான். அந்த வரியின் தொடக்கத்தில் நம் சர்வரின் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே எடுத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண், இணைப்பு, லிங்க்

பிரித்த மெயிலை ஆர்ஸ்பாம்டி என்ற ஸ்பாம் வடிகட்டி வழியாக ஓட்டுகிறேன். சி மொழியில் எழுதியது, வேகமானது, எந்த விதிக்கு எத்தனை மதிப்பெண் என்று விவரமாகச் சொல்லும். பழைய ஸ்பாம்அசாசினும் நல்லதுதான். அதில் வழக்கமான எல்லை 5 மதிப்பெண் (அதை எட்டினால் ஸ்பாம்), பழைய மெயில்களைப் பார்த்துக் கற்கும் அதன் பேயஸ் முறை வேலை செய்யக் குறைந்தது 200 ஸ்பாமும் 200 நல்ல மெயிலும் கொடுக்க வேண்டும். எதைப் பயன்படுத்தினாலும் ஒன்றை நினைவில் வையுங்கள். பழைய மெயிலை இன்றைக்கு ஓட்டினால் டிஎன்எஸ் பதிவுகளும் தடைப் பட்டியல்களும் இன்றைய நிலவரத்தைத்தான் சொல்லும். மெயில் வந்த அன்று நம் சர்வர் எழுதிவைத்த முடிவே சரியான சாட்சி.

இணைப்புகளுக்கு கிளாம்ஏவி என்ற வைரஸ் சோதனைக் கருவி. இதில் கிளாம்டி சேவையை ஓடவிட்டு அதன் வழியாகச் சோதியுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் தனியாக ஓட்டினால் வைரஸ் பட்டியலை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஏற்றும், பொழுது அதிலேயே போய்விடும். வேர்டு, எக்செல் கோப்புகளுக்கு ஓஎல்ஈடூல்ஸ் தொகுப்பில் உள்ள ஓஎல்ஈவிபிஏ. கோப்பைத் திறக்காமலே உள்ளே இருக்கும் மேக்ரோ என்ற சிறு நிரலை வெளியே எடுத்து, திறந்ததும் தானாக ஓடுவது எது என்று காட்டும். கோப்பின் பெயரை நம்பாமல், உள்ளடக்கத்தைப் பார்த்து லிப்மேஜிக் சொல்லும் வகையைப் பதிவு செய்யுங்கள். "பர்ச்சேஸ் ஆர்டர் பிடிஎஃப்" என்ற பெயரில் உள்ளே ஐஎஸ்ஓ (வட்டுப் படிமக் கோப்பு) இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். க்யூஆர் கோடு வைத்து வரும் மெயில்களுக்கு இசட்பார். பிடிஎஃப்-ஐப் படமாக மாற்றிக் கொடுத்தால் அதற்குள் இருப்பதையும் படிக்கும்.

லிங்குகளைச் சேகரியுங்கள், ஆனால் ஸ்கிரிப்ட்டை விட்டு அவற்றுக்குள் போகச் சொல்லாதீர்கள். ஆரம்பத்தில் நான் எல்லா லிங்கையும் தானாகத் திறந்து பார்க்க ஏற்பாடு செய்திருந்தேன். சந்தேகத்தில் ஊழியர் அனுப்பிய மெயில்களில் நிஜமான மெயில்களும் இருக்கும் என்று யோசிக்கவில்லை. ஒரு பையர் அனுப்பிய சாம்பிள் அப்ரூவல் மெயிலில் "ஏற்கிறேன்" என்ற லிங்கை என் ஸ்கிரிப்ட் திறந்துவிட்டது, மெர்ச்சண்டைசர் பார்க்காமலே அப்ரூவல் பதிவாகிவிட்டது. வடிகட்டிகள் இப்படி லிங்கைத் திறப்பது பழைய தலைவலிதான். ஒரே சொடுக்கில் பட்டியலிலிருந்து விலகும் முறையை 2017-இல் ஆர்எஃப்சி 8058 என்ற இணையத் தரநிலை வகுத்தபோது, வெறுமனே திறந்தால் போதாது, படிவம் அனுப்புவது போன்ற போஸ்ட் கோரிக்கையாக வர வேண்டும் என்று வைத்ததற்கும் இதுதான் காரணம்.

லிங்கின் முழு முகவரியோடு அதன் பதிவு டொமைனையும் (உரிமையாளர் பதிவு செய்த பெயர்ப் பகுதி) தனியே வையுங்கள். டிஎல்டிஎக்ஸ்ட்ராக்ட் நூலகம் அதைச் சரியாகப் பிரிக்கும். புள்ளி வைத்து நாமே வெட்டினால் "கோ டாட் இன்" போன்றவற்றில் தப்பாகும்.

ஒரே அச்சில் வார்த்தவற்றைச் சேர்ப்பது

இந்த வேலையின் உயிர் இதுதான் என்பேன். மோசடிக்காரன் ஆயிரம் மெயில் எழுதுவதில்லை. ஒன்றை எழுதி ஆயிரம் பேருக்கு மாற்றி அனுப்புகிறான். பெயர், தொகை, தலைப்பு, லிங்க் எல்லாம் மாறும். மெயிலின் எலும்புக்கூடு மட்டும் பெரும்பாலும் மாறாது.

வருமான வரி ரீஃபண்ட் என்று வந்த ஒரு தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ரூ.15,490, இன்னொன்றில் ரூ.23,870. தலைப்பு ஐந்து விதம், லிங்க் டொமைன் எட்டு. தனித்தனியாகப் பார்த்தால் வேறு வேறு மெயில். மெயிலின் வடிவத்தைச் சொல்லும் எச்டிஎம்எல்லில் எழுத்தையும் முகவரியையும் எல்லாப் பண்புகளையும் அழித்துவிட்டு டேக் பெயர்களை மட்டும் வரிசையாக வைத்தேன்: டேபிள், அதற்குள் டேபிள், ஒரு படம், இரண்டு பத்தி, ஒரு பொத்தான், கீழே மூன்று வெற்று டிவ். அந்த வெற்று டிவ்களை எவனோ அழிக்க மறந்திருக்கிறான். அந்த வரிசைக்கு ஹாஷ் போட்டால் 63 மெயிலுக்கும் ஒரே விடை. ஒன்றைப் படித்தால் போதும், மற்ற 62-ஐயும் முடித்துவிடலாம்.

கொஞ்சம் மாறியிருப்பவற்றுக்கு டிஎல்எஸ்ஹெச் பயன்படுத்துகிறேன். ஒத்த உள்ளடக்கத்துக்கு ஒத்த ஹாஷ் தரும் முறை அது, இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை எண்ணாகச் சொல்லும். மிகச் சிறிய எழுத்துக்கு வேலை செய்யாது, குறைந்தது 50 பைட் வேண்டும். எந்தத் தூரம் வரை ஒன்று எனக் கொள்வது என்பதை உங்கள் குவியலில் பத்து இருபது ஜோடிகளைக் கண்ணால் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். அப்புறம், அடிக்கடி வரும் தொகுப்புகளுக்கு, அவற்றின் அடையாளங்களைத் தேடும் ஒரு யாரா விதி எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறை உள்ளே வரும்போதே பிடித்துவிடலாம்.

இதையெல்லாம் எங்கே வைப்பது? எனக்கு எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளமே போதுமானதாக இருக்கிறது. முதல் நாளே ஓபன்சர்ச் என்ற பெரிய தேடல் அமைப்பை நிறுவப் போய் அதைப் பராமரிப்பதிலேயே நாளைக் கழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். லட்சக்கணக்கில் மெயில் வரும் இடமென்றால் சரி, அது வேண்டும். அந்த அளவுக்கு மெயில்-பார்சரை எழுதிய ஃபெடெலே மந்துவானோவே ஸ்பாம்ஸ்கோப் என்று ஒன்று செய்திருக்கிறார். வேலையைப் பல கணினிகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் அப்பாச்சி ஸ்டார்ம் மேல் ஓடும். பிரிப்பது, இணைப்பு பார்ப்பது, லிங்க் பார்ப்பது எல்லாம் தனித்தனி நிலையங்களாக ஒரே நேரத்தில் நடக்கும். கண்டுபிடித்ததை மற்ற அமைப்புகளோடு பகிர மிஸ்ப் இருக்கிறது.

புகார் மெயில்களுக்குள் சம்பள விவரம், மருத்துவ பில் எல்லாம் தவறுதலாக வந்து சேரும். அந்தக் கணினிக்கு இரண்டு பேருக்கு மேல் நுழைவு கொடுக்காதீர்கள்.

மிச்சம் இருப்பவை

குவியலில் சேர்ந்ததெல்லாம் போக, எந்தத் தொகுப்பிலும் சேராமல் தனியாக நிற்கும் மெயில்கள் கொஞ்சம் இருக்கும். பணத்தைப் பறிக்கும் மெயில் அங்கேதான் இருக்கும். அது ஒருவருக்காக மட்டும் எழுதப்பட்டது. இணைப்பு இருக்காது, லிங்க் இருக்காது, எலும்புக்கூடு எடுக்க எச்டிஎம்எல்கூட இருக்காது. ஆர்ஸ்பாம்டி அதற்குக் குறைந்த ஸ்பாம் மதிப்பெண்தான் கொடுக்கும்.

எங்களை ஏமாற்றிய மெயில் அப்படித்தான் இருந்தது. எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் தேறியிருந்தன. டொமைனே அவனுடையது, முறைப்படி அமைத்திருந்தான். சப்ளையரின் பெயரில் வரும் ஆங்கில 'எம்' எழுத்துக்குப் பதிலாக 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போட்டிருந்தான். சின்ன எழுத்தில் திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. டொமைன் பதிவு விவரம் தரும் ஆர்டேப் மூலம் பதிவுத் தேதியைப் பார்த்தேன். டொமைனுக்கு வயது ஒன்பது நாள்.

அதனால் மிச்ச மெயில்கள் மேல் நான்கு சோதனைகள் ஓடுகின்றன. அனுப்பியவரின் டொமைனை எங்கள் பையர், சப்ளையர் பட்டியலோடு ஒப்பிட்டு ஒன்றிரண்டு எழுத்து மட்டும் மாறியிருந்தால் கொடி காட்டும். டிஎன்எஸ்ட்விஸ்ட் உருவாக்கித் தரும் போலி டொமைன் பட்டியலும் இதில் சேர்ந்திருக்கிறது. அனுப்பியவர் ஒருவர், பதில் போகும் முகவரி வேறொருவர் என்றால் கொடி. தலைப்பு "ரீ" என்று தொடங்கி, எந்த மெயிலுக்குப் பதில் என்ற ஹெடர் இல்லாவிட்டால் கொடி. கடைசியாக, மெயிலிலோ பிடிஎஃப்பிலோ வங்கிக் கணக்கு எண் இருந்து, அது எங்கள் லெட்ஜரில் உள்ளதோடு பொருந்தாவிட்டால் சிவப்புக் கொடி. வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் ஐபேன் எண்ணுக்கு, 97-ஆல் வகுத்து மீதியைப் பார்க்கும் சரிபார்ப்பு இருப்பதால் வெறும் எண் வரிசையிலிருந்து அதைப் பிரித்துவிடலாம். சப்ளையரின் நிஜ மெயில்பெட்டிக்குள்ளேயே எவனாவது புகுந்திருந்தால் முதல் மூன்று சோதனையும் தோற்கும், நான்காவது பிடிக்கும்.

கொடி ஏறியதை நானே படிக்கிறேன். கணக்கு மாற்றம் என்றால் மெயிலில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, பழைய பர்ச்சேஸ் ஃபைலில் இருக்கும் எண்ணுக்குப் போன் போடச் சொல்கிறேன். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே வங்கிக்கும், சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கும் அழைக்க வேண்டும். ஃபிஷிங் சம்பவத்தைத் தெரிந்துகொண்ட 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. மூலக் கோப்பும் ஹாஷும் தயாராக இருப்பது அப்போது பெரிய உதவி.

புகார் அனுப்பிய ஒவ்வொருவருக்கும் பதில் போக வேண்டும். தொகுப்பில் சேர்ந்தவற்றுக்கு ஸ்கிரிப்ட்டே "இது மோசடி, அழித்துவிடுங்கள்" என்று அனுப்புகிறது. தனியாக நின்றவற்றுக்கு நான் கையால் எழுதுகிறேன், அன்றைக்கே. அக்கவுண்ட்ஸில் அந்தப் பெண் இன்னும் இருக்கிறார், வாரத்துக்கு நான்கைந்தாவது அனுப்புகிறார். அவர் அனுப்புவதில் நிறைய நல்ல மெயில்தான். "இது சரியான மெயில்தான்மா, பணம் அனுப்பலாம்" என்று அவற்றுக்கும் எழுதுகிறேன்.