அன்னபேதி முதலில், சிமென்ட் பிறகு

ராணிப்பேட்டை, வாலாஜா பக்கம் மூடிக்கிடக்கும், குரோமியம் ஊறிய ஆலை மனையை வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டால் ஆகாதா?" என்பதுதான். எங்கே கொட்டுவது என்று திருப்பிக் கேட்டால், சிலர் சித்தூர் சாலையைக் கண்ணால் காட்டுவார்கள். எல்லையைத் தாண்டினால் குரோமியம் சாதுவாகிவிடும் என்ற நினைப்பு! முறையாக அனுப்புவதென்றால் கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவுக் கிடங்குதான். லாரி வாடகையைக் கேட்டதும் முகம் மாறிவிடும். ஆகவே மண்ணை இருந்த இடத்திலேயே, விஷம் நகராதபடி நிலைப்படுத்தும் வழியைச் சொல்கிறேன். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி கையில் இல்லாமல் எதையும் தொடாதீர்கள். 2025-இல் மாசடைந்த இடங்களுக்கென்றே மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது.

மனையில் இருந்தது தோல் பதனிடும் டேனரியா, குரோமிய ரசாயனம் தயாரித்த குரோமேட் ஆலையா என்று முதலில் விசாரியுங்கள். டேனரி மண்ணில் பெரும்பாலும் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம். அது தண்ணீரில் எளிதில் நகராது. அங்கே உப்புதான் பெரிய தொல்லை. குரோமேட் ஆலை மண்ணில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். கரைந்து கிணற்றுக்குப் போவதும், தூசியாக மூச்சில் ஏறிப் புற்றுநோய் தருவதும் இதுதான். மழை பெய்து நான்கு நாள் வெயில் அடித்த பிறகு மனையைச் சுற்றிவாருங்கள். சுவர் அடியிலும் மேட்டின் சரிவிலும் எலுமிச்சை நிறத்தில் பொருக்கு பூத்திருந்தால் விஷயம் புரிந்துவிடும். அதை வெறும் கையால் தொடவேண்டாம்.

சிமென்ட் மட்டும் போட்டால் போதும் என்று சொல்லும் ஒப்பந்ததாரர்கள் உண்டு. ஈயத்துக்கு அந்தப் பேச்சு ஓரளவு செல்லும். ஆறு இணைதிறன் குரோமியமோ சிமென்டின் காரத்தில் கரைந்தபடியே இருக்கும்; கட்டி இறுகிய பிறகும் கசியும். அதை முதலில் மூன்று இணைதிறனுக்கு இறக்கவேண்டும். அதற்கு நம் கடைகளில் மலிவாகக் கிடைப்பது அன்னபேதி, அதாவது பெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு. கணக்குப்படி ஒரு கிலோ ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு 16 கிலோ அன்னபேதி. மண்ணில் அதை வீணடிக்கும் சமாச்சாரங்கள் பல இருப்பதால் இதைவிடக் கூடுதலாகவே தேவைப்படும். மூட்டையை வாங்குமுன் பிரித்துப் பாருங்கள். வெளிர்பச்சைப் படிகமாக இருக்கவேண்டும். துருப்பிடித்த பழுப்பாக இருந்தால் காற்று பட்டு அதன் சக்தி போய்விட்டது. விலை குறைத்தாலும் வேண்டாம்.

எவ்வளவு கூடுதல் என்பதை உங்கள் மண்தான் சொல்லும். அரை மீட்டருக்கு ஒன்றாக ஆழம்வரை எடுத்த மாதிரிகளை வாளிகளில் போட்டு, வெவ்வேறு அளவில் அன்னபேதிக் கரைசல் கலந்து, மறுநாள் கொஞ்சம் தண்ணீரில் அலசி வடிகட்டுங்கள். வடிநீரில் அமிலத்தோடு டைபினைல் கார்பசைடு விட்டால், ஆறு இணைதிறன் குரோமியம் மிச்சமிருக்கும்வரை ஊதா நிறம் எழும். எந்த வாளியில் நிறமே வரவில்லையோ அந்த அளவு அன்னபேதி போட்ட பிறகுதான் சிமென்ட். நான் இரும்பாலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமென்டைத்தான் விரும்புவேன். அந்தக் கசடில் உள்ள சல்பைடு, குரோமியம் மறுபடி ஆறு இணைதிறனுக்கு ஏறுவதைத் தடுக்க உதவும். மண் எடையில் 5 முதல் 15 சதவீதத்துக்குள் சோதித்துப் பாருங்கள். 28 நாள் இறுகவிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். அமிலக் கசிவுச் சோதனையில் குரோமியம் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் தேறிவிட்டது என்பார்கள். குடிநீர் வரம்பு 0.05, நூறில் ஒரு பங்கு. ஆகவே வெறும் தண்ணீரிலும் கசியவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. மனையில் கிடப்பது மண் அல்லாமல், சுண்ணாம்பு சேர்த்து வறுத்த குரோமேட் கசடாக இருந்தால் இந்த வழி ஆகாது. 1990களில் மூடப்பட்ட ஆலை ஒன்று ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கும் அதிகமான குவியல் அந்த ரகம். அன்னபேதியின் சல்பேட், கசடிலுள்ள சுண்ணாம்போடும் அலுமினாவோடும் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற படிகமாக வளர்ந்து, தரையையே தூக்கிவிடும். அங்கே வேறு மருந்து, வேறு ஆள்.

களவேலையைத் தை பிறந்ததும் தொடங்கி ஆனிக்குள் முடியுங்கள். பொக்லைன் வாளி எட்டும் மூன்று நான்கு மீட்டர்வரை அதுவே போதும். அதற்குக் கீழே துளைத்துக் கலக்கும் இயந்திரம் வேண்டும். மனையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் பக்கத்துக் கட்டத்துக்குள் கொஞ்சம் நுழையும்படி கலக்குங்கள். முஷ்டி அளவுக் கட்டி ஒன்று உடையாமல் நின்றால், அதன் உள்ளே மஞ்சள் அப்படியே இருக்கும். ஆபரேட்டர் அலுத்துக்கொண்டாலும் மறுபடி கலக்கச் சொல்லுங்கள். தூசி எழாமல் தண்ணீர் தெளியுங்கள். முகக்கவசம், கையுறை, பூட்ஸ் இல்லாதவரை உள்ளே விடாதீர்கள். எச்சரிக்கைப் பலகையைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதுங்கள்; வேலைக்கு வருபவர்களில் பலர் எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறவர்கள். கலந்த மண் 10 முதல் 30 சதவீதம் உப்பிப் பெருகும், அதற்கு இடம் விடுங்கள். மேலே நல்ல மண் பரப்பி, மழைநீர் வழிந்தோடச் சரிவு கொடுங்கள்.

விஷம் அங்கேதான் இருக்கிறது, நகராமல் இருக்கிறது, அவ்வளவுதான். மனைக்குள் நிலத்தடி நீர் வரும் பக்கம் ஒன்று, அது வெளியேறும் பக்கம் இரண்டு என்று கண்காணிப்புக் கிணறுகள் போட்டு, மழைக்கு முன்னும் பின்னும் தண்ணீரைச் சோதியுங்கள். கலந்த பகுதியின் எல்லையையும் ஆழத்தையும் வரைபடமாக்கிப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். நாளைக்கு அங்கே போர் போடவோ குழாய் பதிக்கவோ வருபவர் முதலில் கேட்கவேண்டியது அந்த வரைபடத்தைத்தான்.