கிரில் வலையை எதைக் கொண்டு தேய்ப்பது?

காவேரிப்பட்டினத்தில் சாயங்காலத்தில் பார்பிக்யூ கடை போடுகிறேன். புதிதாகக் கடை வைக்கிறவர்கள் மசாலாவைக் கேட்பார்கள், கரி எங்கே வாங்குவது என்று கேட்பார்கள். வலையை எதால் தேய்ப்பது என்று யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிடுவேன்: கம்பி பிரஷ் மட்டும் வேண்டாம்.

துரு சுரண்டுவதற்கென்று ஹார்டுவேர் கடையில் தொங்குகிற பிரஷ்தான் பல இடங்களில் வலை தேய்க்கவும் கிடக்கிறது. கட்டையில் துளை போட்டு, அதில் மெல்லிய கம்பிகளைக் கொத்துக் கொத்தாகச் செருகியிருப்பார்கள். சூடும் எண்ணெயும் பட்டுப் பட்டுப் பிடி தளர்ந்து கம்பி உதிரும். உதிர்ந்த கம்பி சாம்பலில் விழுந்தால் சரி. வலையில் இருக்கிற பிசுக்கில் ஒட்டிக்கொண்டால், அடுத்து வைக்கிற கோழியின் தோலில் ஏறிவிடும். மசாலா கருகிய கறியில் அந்தத் துணுக்கை யார் கண்ணால் பார்க்க முடியும்? நாக்கிலோ தொண்டையிலோ குத்தி நிற்கும். உள்ளே இறங்கிவிட்டால் குடலையே துளைக்கலாம். அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் 2011 மார்ச்சிலிருந்து 2012 ஜூனுக்குள் இப்படி 6 பேர் சிகிச்சைக்கு வந்ததாக அந்த நாட்டு நோய்த் தடுப்பு மையமே அறிக்கை போட்டது.

காந்தம் வைத்துத் தடவினால் கம்பி வந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். பித்தளைக் கம்பி காந்தத்தில் ஒட்டாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் பல வகை ஒட்டுவதில்லை. பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரும் பழசானால் சுருள் சுருளாகப் பிய்ந்து வரும். அதையும் வலைப்பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

அப்புறம் எதால் தேய்ப்பது? என் கையில் இருப்பது புளியமரச் சட்டம். கறிக்கடையில் வெட்டுகிற கட்டை பெரும்பாலும் புளியமரம்தான். கத்தி விழுந்து விழுந்தும் லேசில் பிளக்காத மரம். நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் புளியமரத்துக்கா பஞ்சம்? தச்சுப் பட்டறையில் கழிவுத் துண்டு கேளுங்கள். முழங்கை நீளம், நாலு விரல் அகலம், ஒரு அங்குலக் கனம் போதும். ஒரு முனையை மட்டும் உளி மாதிரி சாய்வாக இழைத்துத் தரச் சொல்லுங்கள். பெயிண்ட், வார்னிஷ் எதுவும் கூடாது. பழைய கதவுச் சட்டம், ஒட்டுப்பலகை இரண்டும் வேண்டாம். சூட்டில் பெயிண்டும் பசையும் கருகி வலையில் இறங்கும்.

வலை நன்றாகச் சூடாக இருக்கும்போது அந்த முனையை அழுத்தி, கம்பி ஓடுகிற திசையிலேயே தள்ளுங்கள். முதல் நாள் மேல்பக்கம் மட்டும்தான் சுரண்டும். தினமும் அதே முனையால் அதே வலையைத் தேய்த்து வந்தால், சூட்டில் மரம் கருகி, கம்பி இடைவெளிக்கு ஏற்றபடி முனையில் பள்ளம் விழும். அதற்குப் பிறகு ஒரே தள்ளலில் கம்பியின் பக்கவாட்டிலும் ஒட்டியதெல்லாம் உரிந்து வரும். அந்தக் கட்டையைக் கடைப் பையன்கள் வேறு வேலைக்கு எடுக்க நான் விடுவதில்லை. சிம்பு கிளம்பினால் மறுபடி இழைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எப்போதாவது கிரில் போடுகிறவர்களுக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. பெரிய வெங்காயத்தை இரண்டாக அறுத்து, நீள முள்கரண்டியில் குத்தி, சூடான வலையில் வெட்டுப்பக்கம் படத் தேய்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். வலை ஆறிய பிறகு தேங்காய் நாரும் சோப்பும் போதும். நைலான் பிரஷும் ஆறின வலைக்குத்தான், சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும்.

எதால் தேய்த்தாலும் கடைசியாகத் துணியால் துடைக்க வேண்டும். நான் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து வைத்திருக்கிறேன். நனைத்துப் பிழிந்து, இடுக்கியில் பிடித்து, வலையின் இரண்டு பக்கமும் இழுப்பேன். நீராவி அடிக்கும், கையைத் தள்ளி வையுங்கள். கம்பியோ சிம்போ இருந்தால் நூலில் மாட்டும், வெள்ளையில் பளிச்சென்று தெரியும். துணியை விரித்துப் பார்த்துவிட்டுத்தான் கறியை வைக்க வேண்டும். வலையின் முலாமே செதில் செதிலாக உரிந்தால் தேய்த்துப் பயனில்லை, புது வலை வாங்கிவிடுங்கள்.

கிரில் கறி சாப்பிட்டவுடன் தொண்டையில் சுருக்கென்று குத்தி, எச்சில் விழுங்கும்போதெல்லாம் வலித்தால், மீன் முள்ளுக்குச் செய்வதுபோல் சோற்று உருண்டையோ வாழைப்பழமோ விழுங்காதீர்கள். கம்பி இன்னும் ஆழமாக ஏறிவிடும். நேராகக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய், கிரில் கறி சாப்பிட்டேன், கம்பியாக இருக்கலாம் என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். சாப்பிட்ட பிறகு வயிறு விடாமல் வலித்தாலும் இதையே சொல்லுங்கள். எக்ஸ்ரேயிலோ சி.டி. ஸ்கேனிலோ எதைத் தேடுவது என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரியும்.