கடைசி வரிகளைப் பேசுபவர் யார்?

பள்ளி இலக்கியத் தேர்வுக்காக ஷேக்ஸ்பியரின் ‘கிங் லியர்’ நாடகத்தைப் படித்தபோது, இறுதி வரிகளை எட்கர் பேசுவதாகப் பாடநூலும் ஆல்பனி பேசுவதாக வழிகாட்டி நூலும் காட்டியதால் மூன்று நாள்கள் வீணாயின. அச்சுப்பிழை என்று கருதி வரி எண்களை ஒப்பிட்டேன், அவையும் ஒத்துவரவில்லை. கதைச் சுருக்கங்களும் உதவவில்லை. வழக்கமாக நான் தாண்டிச் சென்றுவிடும் பதிப்புக் குறிப்பில்தான் விடை இருந்தது: 1608ஆம் ஆண்டுக் குவார்ட்டோ எனும் சிறிய அளவுத் தனிநூல் பதிப்பில் அவ்வரிகள் ஆல்பனிக்கும், 1623ஆம் ஆண்டு ஃபோலியோ எனும் பெரிய அளவு நாடகத் தொகுப்பில் எட்கருக்கும் உரியவை. மூன்றாம் அங்கத்தின் ஆறாம் காட்சியில், லியர் தன் மகள்கள்மீது நடத்தும் கற்பனை விசாரணையும் ஃபோலியோவில் இல்லை; வரி எண்கள் விலகியதற்கு அதுவும் ஒரு காரணம். பாடத்திட்டம் குறிப்பிட்ட பதிப்பை மட்டும் வைத்துக் குறிப்புகளைத் திருத்தி எழுதியதும் முரண்பாடு நீங்கியது, பெரும் நிம்மதி.