கொல்லிமலைக்கு கியர் சைக்கிளில்: செயின், பிரேக், செலவுக் கணக்கு

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது கால் வலிக்கும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் சைக்கிளின் லட்சணம் தெரியும். இரண்டு வருடம் முன்பு, நாற்பது சொச்சமாவது வளைவில், என் பின் பிரேக்கிலிருந்து இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்தது. லீவர் கைப்பிடி வரை போய் முட்டியது. முன் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து ஓரம் கட்டி, செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். பேடில் உராயும் பொருளே இல்லை, தகடு மட்டும் மிச்சம். அது டிஸ்க்கில் வட்டம் வட்டமாகக் கோடு போட்டிருந்தது. முன்கூட்டியே மாற்றியிருந்தால் 350 ரூபாயோடு போயிருக்கும். டிஸ்க்கும் சேர்ந்து போனதால் 1,150 ஆனது. அதற்குப் பத்து நாள் முன்புதான் ஒரு கடையில் 'ஃபுல் சர்வீஸ்' செய்து எடுத்து வந்திருந்தேன். ரசீதில் பேட் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு பழக்கம் வைத்துக்கொண்டேன். மலைக்குக் கிளம்பும் முன் தேயும் பாகங்களை நானே அளந்து பார்ப்பேன். அந்தத் தேய்மானத்தையும் ரூபாயாக்கி, ரூம் வாடகை, சாப்பாடு மாதிரியே பயணச் செலவில் எழுதுவேன். இரண்டையும் எப்படிச் செய்வது என்று இங்கே சொல்கிறேன். பின்னால் 7, 8 அல்லது 9 பல்சக்கரம், டிஸ்க் பிரேக், முன் ஃபோர்க்கில் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள் வாங்கி, முதல் மலைப் பயணத்துக்குத் தயாராகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

மூன்று வாரம் முன்பே ஆரம்பியுங்கள். ஏதாவது தேய்ந்திருந்தால் ஆர்டர் போட்டு, வந்து, மாட்டி, உள்ளூரில் நாலு நாள் ஓட்டிப் பார்க்க நேரம் வேண்டும்.

படி 1: செயினை அளப்பது

வீட்டில் அங்குலம் போட்ட இரும்பு ஸ்கேல் இருந்தால் போதும். செயினை பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டு, சைக்கிளைச் சுவரில் சாய்த்து, பெடலை லேசாக அழுத்திச் செயின் விறைப்பாக இருக்கும்படி செய்யுங்கள். ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே அரை அங்குலம். ஆகவே அதற்கடுத்த 24-வது பின் சரியாக 12 அங்குலக் கோட்டில் நிற்க வேண்டும். புதுச் செயினில் அப்படித்தான் நிற்கும்.

ஓட ஓட பின்னும் அதைச் சுற்றியுள்ள பகுதியும் தேயும், செயின் நீளும். அந்த 24-வது பின் கோட்டைத் தாண்டி ஒரு அங்குலத்தில் 16-ல் ஒரு பங்கு தள்ளி நின்றால் தேய்மானம் சுமார் அரை சதவீதம். 11, 12 கியர் செயினை அப்போதே மாற்றிவிட வேண்டும். 8, 9 கியர் என்றால் புதுச் செயின் வாங்கி வையுங்கள், இன்னும் கொஞ்ச நாள் ஓடும். எட்டில் ஒரு பங்கு அங்குலம் தள்ளியிருந்தால் காலம் கடந்துவிட்டது. நீண்ட செயின் பின்னால் உள்ள கேசட்டின் (பின் சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதியின்) பல்லையும் தன் அளவுக்கு அரித்திருக்கும். அதில் புதுச் செயின் போட்டால், ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும் நேரத்தில் பல்லை விட்டுத் தாவும்.

என் 8 கியர் சைக்கிளுக்கு நான் வாங்கும் செயின் 800 ரூபாய். கேசட் 1,500. செயினை நேரத்துக்கு மாற்றி வந்ததால் மூன்று செயினுக்கு ஒரு கேசட் என்று ஓடுகிறது. மாற்றாமல் ஓட்டிய நண்பருக்கு ஒவ்வொரு முறையும் இரண்டும் சேர்ந்தே போகிறது.

படி 2: செயினைச் சுத்தம் செய்து எண்ணெய் விடுவது

பழைய டூத் பிரஷ், பாத்திரம் தேய்க்கும் லிக்விட், வெந்நீர். அழுக்கு கெட்டியாகிவிட்டிருந்தால் கொஞ்சம் டீசல், ஆனால் துணியில் நனைத்து மட்டும், வெட்டவெளியில், அடுப்பிலிருந்து தள்ளி. தேய்த்துக் கழுவியபின் வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரச் செயினில் எண்ணெய் விடுவது வீண்.

பிறகு செயினின் கீழ்ப்பக்க ஓட்டத்தில், ஒவ்வொரு ரோலருக்கும் (பின்னைச் சுற்றி உருளும் சிறு வளையத்துக்கும்) ஒரே ஒரு சொட்டு செயின் லூப், அதாவது செயினுக்கென்றே விற்கும் எண்ணெய். அவசரப்படாமல், பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே விடுங்கள். பத்து நிமிடம் ஊறியதும் உலர்ந்த துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு மறுபடி சுற்றுங்கள். துணியில் கறுப்பு வருவது குறையும்வரை துடையுங்கள். எண்ணெய் ரோலருக்குள்ளே இருந்தால் போதும். வெளியே பளபளவென்று இருந்தால் செம்மண் புழுதி மொத்தமும் அதில்தான் ஒட்டும், ஒட்டிய மணல் உப்புத்தாள் மாதிரி செயினைத் தின்னும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்து இறுகிவிடும். துரு நீக்கும் ஸ்பிரே பழைய பிசுக்கைக் கரைக்கத்தான் உதவும், அதையே லூப்பாக நினைக்காதீர்கள். இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன்: சைக்கிளை வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷனில் கொடுக்காதீர்கள். அந்த வேகத்தில் அடிக்கும் தண்ணீர் ஹப், பெடல் அச்சு, ஹேண்டில் பேரிங் எல்லாவற்றின் உள்ளேயும் புகுந்து கிரீஸை வெளியேற்றிவிடும். ஒரு வாளித் தண்ணீரும் துணியும் போதும்.

படி 3: பிரேக்

இதில் அரை மணி நேரம் கூடவே செலவழியுங்கள். பிரேக் பேட் இருக்கும் காலிப்பரின் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். டிஸ்க்கின் இரு பக்கமும் தகடு, அதன்மேல் உராயும் பொருள் என்று இரண்டு அடுக்கு தெரியும். அந்த உராயும் அடுக்கு ஒரு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மலைக்கு அது ஆகாது. சமவெளியில் ஒரு மாதம் வரும் பேட், எழுபது வளைவு இறக்கத்தில் ஒரே நாளில் முடிந்துபோகலாம். மழை நாளாக இருந்தால் இன்னும் சீக்கிரம்.

பேட் மாற்றுவது பயப்படும் வேலை இல்லை. சக்கரத்தைக் கழற்றுங்கள். பேடைப் பிடித்திருக்கும் பின்னையோ திருகையோ எடுங்கள். கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் என்றால், பழைய பேட் உள்ளே இருக்கும்போதே நடுவில் ஒரு பிளாஸ்டிக் டயர் லீவரைக் கொடுத்து, பேடைத் தள்ளும் பிஸ்டன்களை மெல்ல உள்ளே தள்ளுங்கள். பிறகு பேடை உருவிப் புதியதை அதே வாக்கில் நுழையுங்கள். சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் லீவரைத் தப்பித் தவறியும் அழுத்தக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்து மாட்டிக்கொள்ளும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த நேரத்தில் கிட்டே விடாதீர்கள், அவர்கள் கை முதலில் போவது லீவருக்குத்தான்.

கேபிள் பிரேக் என்றால் பல மாடல்களில் ஒரு பக்க பேட் மட்டும்தான் நகரும். நகராத பக்கத்தை, மெக்கானிக்குகள் 'எல்.என் கீ' என்று சொல்லும் அறுகோணச் சாவியால் திருகி, டிஸ்க்கைத் தொடாமல் மயிரிழை இடைவெளியில் நிறுத்த வேண்டும். பேட் தேயத் தேய இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

டிஸ்க்கையோ பேடையோ எண்ணெய்க் கையால் தொடாதீர்கள். செயின் லூப் ஒரு சொட்டுத் தெறித்தாலும் பிரேக் வழுக்கும், கத்தும். டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். எண்ணெய் குடித்த பேடைக் காப்பாற்றப் பார்ப்பதைவிடப் புதிது போடுவதே மேல்.

புது பேட் போட்டதும் நேராக மலைக்குப் போகக் கூடாது. ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்தில் ஓட்டி, சக்கரம் முழுதாக நிற்பதற்குச் சற்று முன்வரை பிரேக் பிடித்து, பிறகு விட்டுவிடுங்கள். முன்னும் பின்னும் இருபது இருபது முறை. அதன் பிறகுதான் பேட் டிஸ்க்கோடு சேர்ந்து முழுப் பிடிப்பைத் தரும்.

படி 4: டயர், ட்யூப்

நம் ஊரில் முதல் எதிரி சீமைக் கருவேல முள். நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே தங்கிவிடும், புது ட்யூப் போட்டாலும் மறுநாள் பஞ்சர். டயரைக் கழற்றி, ஒரு கைப்பிடி பஞ்சை உட்பக்கம் முழுக்கச் சுற்றி வழியுங்கள். கண்ணுக்குத் தெரியாத முள் இருக்கும் இடத்தில் பஞ்சின் ஒரு இழை சிக்கி நிற்கும். அந்த இடத்தை வெளியிலிருந்து மடக்கிப் பிடித்து, மூக்குக் குறடால் உருவுங்கள். விரலால் தடவித் தேடினால் விரல்தான் கிழியும்.

காற்று எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் இருக்க வேண்டும். 65 கிலோ எடைக்கு, 2.1 அங்குல டயரில், தார் ரோட்டுக்கு நான் 40 பி.எஸ்.ஐ. வைக்கிறேன், எஸ்டேட் மண் பாதைக்கு 30. பைக்கில் உள்ளது மாதிரி தடித்த வால்வு என்றால் பெட்ரோல் பங்கிலும் அடிக்கலாம். சிறிய ட்யூப் சட்டென்று நிறைந்துவிடும், ஆகவே விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

பஞ்சர் ஒட்ட, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்ந்து பளபளப்பு போனபிறகு பேட்ச் வையுங்கள். ஈரத்தில் வைத்தால் கழன்றுவிடும். இதை வீட்டில் ஒரு முறையாவது செய்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 5: மற்றவை, சுருக்கமாக

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் கழுத்தில் 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் கடையில் காட்டுங்கள். கியர் பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால், பின் கியரில் கேபிள் நுழையும் இடத்தில் உள்ள சிறு திருகை, அதன் பின்னாலிருந்து பார்த்து, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகும். ஃபோர்க்கின் பளபளப்பான குழாய்களை ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் துடையுங்கள். தார் ஏற்றத்தில் ஃபோர்க்கை லாக் செய்துவிடுங்கள், மண் பாதையில் திறந்துவிடுங்கள்.

படி 6: கணக்கு நோட்டு

முதலில் ஒரு கிலோமீட்டருக்கு உங்கள் சைக்கிள் எவ்வளவு தின்கிறது என்று போடுங்கள். பாகத்தின் விலையை அது ஓடிய தூரத்தால் வகுத்தால் போதும். என் நோட்டில் உள்ளது இது: செயின் 800 ரூபாய், 2,400 கி.மீ. வந்தது, கி.மீ.க்கு 33 காசு. கேசட் 1,500, மூன்று செயின் தூரம், 21 காசு. முன் பின் பேட் 700, 1,400 கி.மீ., 50 காசு. டயர் ஜோடி 2,400, 4,800 கி.மீ., 50 காசு. ட்யூப், கேபிள், லூப் எல்லாம் சேர்த்து 46 காசு. மொத்தம் கி.மீ.க்கு 2 ரூபாய். மலைக்கு இதை இரட்டிப்பாக்குகிறேன், பேடும் டயரும் அங்கே அப்படித்தான் கரைகின்றன. உங்கள் விலையும் தூரமும் வேறாக இருக்கும், கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

இனி பயணம். சேலத்திலிருந்து நான்கு பேர், சனி, ஞாயிறு இரண்டு நாள். சைக்கிள்களை குட்டியானையில் ஏற்றி சேந்தமங்கலத்தில் இறக்கினோம். ஒருவர் டிரைவர் பக்கத்தில், மூன்று பேர் பஸ்ஸில். சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏறக் கூடாது, அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். அங்கிருந்து மிதித்து, காரவள்ளி அடிவாரம், மலைப்பாதை, செம்மேட்டில் இரவு தங்கல். மறுநாள் காலை அறப்பளீஸ்வரர் கோயில் போய்த் திரும்பி, மதியம் இறக்கம். மொத்தம் ஏறத்தாழ 110 கி.மீ.

ஆளுக்கு ஆன செலவு: குட்டியானை போக வர 4,800, நாலில் ஒரு பங்கு 1,200. பஸ்ஸுக்கு 140. இரண்டு ரூம் ஒரு இரவு 2,400, பங்கு 600. சாப்பாடு, டீ, பழம் 900. தேய்மானம், 110 கி.மீ.க்கு 4 ரூபாய் வீதம், 440. கூட்டினால் 3,280. இதற்குமேல் 700 ரூபாய் தனி உறையில், பஸ்ஸில் திரும்பவோ பாகம் வாங்கவோ மட்டும். கையில் 4,000 இருந்தால் நிம்மதி.

அந்த 440 ரூபாயை யாரிடமும் கொடுப்பதில்லை. வீடு திரும்பியதும் அதை உண்டியலில் போட்டுவிடுவேன். அடுத்த செயின் வாங்கும் நாளில் பணம் அங்கே காத்திருக்கும். பயணத்துக்குச் சேமித்த காசில் கை வைக்க வேண்டியதில்லை.

எங்கே குறைக்கலாம்? வாகனத்தில்தான். சொந்த ஊர் நாமக்கல், ராசிபுரம் பக்கம் என்றால் அந்தச் செலவே இல்லை. வார நாளில் போனால் ரூம் வாடகை பேசிக் குறைக்கலாம். ஆடி 18-ஐ ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும் நாட்களில் ரூம் கிடைப்பதே கஷ்டம், அப்போது திட்டமிடாதீர்கள். குறைக்கக் கூடாதது சாப்பாடும் பேடும்.

படி 7: பையில் என்ன, இறக்கத்தில் எப்படி

இரண்டு ட்யூப், பேட்ச், கைப் பம்ப், டயர் லீவர், எல்.என் கீ செட், செயின் கட்டர், அறுந்த செயினை இணைக்க உங்கள் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்தும் குவிக் லிங்க், ஒரு ஜோடி பேட். மலையில் பெட்டிக்கடையில் பழமும் டீயும் கிடைக்கும், உங்கள் மாடல் பேட் கிடைக்காது.

இறக்கம் முழுக்க பிரேக்கை அழுத்திக்கொண்டே வராதீர்கள், டிஸ்க் சூடேறிப் பிடிப்பு குறையும். வளைவுக்கு முன் நேர் பாதையிலேயே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவில் லேசாக விடுங்கள். இடது ஓரம் விட்டு வெளியே வராதீர்கள், ஏறி வரும் பஸ்ஸுக்கு வளைவு முழுவதும் தேவைப்படும். நாங்கள் பத்து வளைவுக்கு ஒரு முறை நின்றோம். நின்றதும் டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும், தோல் வெந்துவிடும், தொடாதீர்கள்.

திரும்பி வந்த இரவே, உடம்பு எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், செயினைத் துடைத்து ஒரு சுற்று எண்ணெய் விடுங்கள், மழையில் நனைந்திருந்தால் கட்டாயம். பிறகு நோட்டை எடுத்து தேதி, மீட்டரில் உள்ள தூரம், செயின் அளவு, பேட் எத்தனை மில்லிமீட்டர் என்று நான்கே விவரம் எழுதுங்கள். என்னுடைய நோட்டில் போன மாதப் பக்கத்தில் முன் பேட் 2, பின் பேட் ஒன்றரை என்று இருக்கிறது. பின்னதுக்கு ஒரு ஜோடி வாங்கி வைத்தாகிவிட்டது.