லண்டனில் இருந்து பிந்தி வந்த ஸ்பீட் கடிதம்: 14 நாள் கணக்கில் விடக்கூடாத பிழைகள்

ஆடி, ஆவணி வந்தால் கிளிநொச்சியில் லண்டன்காரரின் நடமாட்டம் கூடிவிடும். அங்கே பள்ளிக்கூட விடுமுறை. இங்கே கோயில் திருவிழா, காணி அலுவல், கலியாணவீடு. நான் லண்டனில் 11 வருடம் டெலிவரி வான் ஓடிவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால், அங்கிருந்து வரும் பொலிஸ் கடிதம் எதுவானாலும் கடைசியில் என் வீட்டு விறாந்தைக்கு வந்து சேரும். கடிதம் என்றால் தாள் அல்ல, வாட்ஸ்அப்பில் வந்த படம். பாதியில் நிழல் விழுந்திருக்கும், ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், தேவையான தேதி அந்த வெட்டுப்பட்ட ஓரத்தில்தான் இருந்திருக்கும்.

போன வருடம் வந்தவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டு வந்த கையோடு, கச்சான் சரையை மேசையில் வைத்துவிட்டு போனை நீட்டினார். ஜூலை 10-ஆம் தேதி, 20 மைல் வீதியில் 29 மைல் வேகம். கடிதத்தை அவருடைய மருமகன் ஆகஸ்ட் 2-ஆம் தேதிதான் பார்த்திருக்கிறான்.

"அண்ணை, 23 நாள் கழிச்சு அனுப்பியிருக்கிறாங்கள். 14 நாள் தாண்டினால் செல்லாதுதானே? கிழிச்சுப் போடச் சொல்லட்டோ?"

"கிழிக்க வேண்டாம். உறையையும் சேர்த்து எடுத்து வைக்கச் சொல்லுங்கோ" என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது.

(20 மைல் என்றால் 32 கிலோமீற்றர். அந்த வேகத்தில் ஏ9 வீதியில் போனால் பின்னால் வரும் லொறிக்காரன் ஹோர்ன் அடித்தே காதைச் செவிடாக்கிவிடுவான். அது வேறு கதை.)

அவர் விட்ட பிழை அவருடையது மட்டுமல்ல. வருடா வருடம் ஆள் மாறுகிறது, பிழை மாறவில்லை. நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் இந்தக் கடிதங்கள் எனக்கே நாலைந்து வந்தவை, அதில் ஒன்றில் நன்றாக அடியும் வாங்கியிருக்கிறேன்.

முதலில், எந்த 14 நாள்?

எங்கள் ஆட்களின் குழப்பம் பாதி இங்கேதான் தொடங்குகிறது. இலங்கையில் பொலிஸ் வீதியில் மறித்து, அந்த இடத்திலேயே தண்டம் எழுதி, லைசன்ஸை வாங்கி வைத்துவிட்டுத் துண்டைக் கையில் தரும். அதைத் தபால் கந்தோரில் கட்ட 14 நாள். விட்டால் அடுத்த 14 நாளுக்குள் இரண்டு மடங்கு. அதையும் விட்டால் நீதிமன்றம். இங்கே 14 நாள் என்பது நமக்கு வைத்த கெடு.

இங்கிலாந்தில் அது பொலிஸுக்கு வைத்த கெடு. 1988-ஆம் ஆண்டின் வீதிக் குற்றவாளிகள் சட்டம் முதலாம் பிரிவின்படி, கமெராவில் பிடிபட்ட வாகனத்துக்கு "உங்கள் மீது வழக்குத் தொடர எண்ணியிருக்கிறோம்" என்ற அறிவித்தல், குற்றம் நடந்து 14 நாளுக்குள் போய்ச் சேரவேண்டும். அதைத்தான் அங்கே சுருக்கமாக என்.ஐ.பி. என்கிறார்கள். அது பிந்தினால் வேகக் குற்றத்துக்குத் தண்டிக்க முடியாது என்பது உண்மைதான். கனடா, பிரான்ஸ், சுவிஸ் ஆட்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவரவர் நாட்டுச் சட்டம் வேறு. "லண்டனில் என்ரை மச்சான் தப்பினவன்" என்று பாரிஸில் கடிதத்தைக் கிழிக்க வேண்டாம்.

எண்ணும்போது குற்றம் நடந்த நாளைச் சேர்க்கக்கூடாது. ஜூலை 10 என்றால் 11-ஆம் தேதி முதலாம் நாள், 24-ஆம் தேதி பதினாலாம் நாள். 24-இல் வந்தால் செல்லும், 25-இல் வந்தால் பிந்தியது. பொலிஸ் நிறுத்தி, "வழக்கு வரலாம்" என்று வாயாலேயே எச்சரித்திருந்தால் கடிதமே தேவையில்லை. விபத்து நடந்து, அது ஓட்டியவருக்குத் தெரிந்திருந்தாலும் அப்படித்தான்.

நீங்கள் பார்த்த நாளும் வீட்டுக்கு வந்த நாளும்

சட்டம் கேட்பது கடிதம் வாசலுக்கு வந்த நாளை. நீங்கள் உறையைக் கிழித்த நாள் அதற்குத் தேவையில்லை. கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் போதும். அந்த நேரம் நீங்கள் இரணைமடுக் குளத்தில் குளித்துக்கொண்டிருந்தீர்களா, வற்றாப்பளை அம்மன் கோயிலில் நின்றீர்களா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

கச்சான் சரையோடு வந்த நம்மவர் ஜூலை 14-ஆம் தேதி விமானம் ஏறியிருக்கிறார். கடிதத்தில் இருந்த தேதியும் ஜூலை 14. முதல் வகுப்புத் தபாலில் போட்டால் இரண்டாவது வேலை நாளில் சேர்ந்துவிட்டதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஆக, 16-ஆம் தேதி அளவில் கடிதம் கதவுக்குள் விழுந்தாயிற்று. பிறகு பீட்சாக் கடை விளம்பரங்களோடு பாய்விரிப்பில் இரண்டு கிழமைக்கு மேல் கிடந்தது. பொலிஸ் எடுத்தது 6 நாள், மிச்ச 17 நாளும் நம்மவருடைய கணக்கு.

கடிதத்தில் அச்சடித்த தேதியை மட்டும் பார்ப்பதும் பிழைதான். அது 14 நாளுக்குள் இருந்து, கடிதம் உண்மையாகவே பிந்தி வந்திருந்தால் வாதாட இடம் உண்டு. சேர்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்வது ஒரு அனுமானம், அதை உடைக்கலாம். ஹம்பர்சைட் பொலிஸுக்கு எதிரான ஒரு வழக்கில், தபால் வேலைநிறுத்தத்தால் அறிவித்தல் பிந்திப் போனது. பொலிஸ் நேரத்துக்கே தபாலில் போட்டிருந்தும், 2009-இல் உயர் நீதிமன்றம் தண்டனையை ரத்துச் செய்தது. பதிவுத் தபாலில் நேரத்துக்கு அனுப்பியிருந்தால் மட்டும் இந்த வாதம் எடுபடாது.

ஆனால் உடைக்கவேண்டியவர் நீங்கள். "எனக்குப் பிந்தித்தான் வந்தது" என்ற வாய்ச்சொல் அங்கே தனியாக நிற்காது. உறையை வையுங்கள். சில உறைகளில் தேதி முத்திரையே இருக்காது, ஆனாலும் வையுங்கள். வந்த அன்றே, கதவடியிலேயே, உறையும் கடிதமும் தெரிய ஒரு படம் எடுங்கள். படத்துக்குள் நேரம் பதிவாகும். கதவு மணியில் கமெரா இருந்தால் தபால்காரர் வந்த துண்டை உடனே இறக்கி வையுங்கள், கொஞ்ச நாளில் அது அழிந்துவிடும். வீட்டில் இன்னொருவர் பார்த்திருந்தால் அவரும் சாட்சி. ஊருக்கு வருபவர்கள், கிழமைக்கு இரண்டு தரமாவது வீட்டுக் கதவைத் திறந்து தபாலைப் பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டு வாருங்கள். பூமரத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வைக்கிறோம், இதற்கு வைப்பதில்லை.

கடிதம் யாருக்கு வந்தது?

14 நாள் விதி முதல் கடிதத்துக்கு மட்டும். அந்த முதல் கடிதம் போவது லொக்புக்கில், அதாவது வாகனப் பதிவுப் புத்தகத்தில், பெயர் உள்ளவருக்கு. எங்கள் பிள்ளைகள் பலர் வாடகைக் காரில் டாக்ஸி ஓடுகிறார்கள், இல்லையென்றால் முதலாளியின் வானில் கடைச் சாமான் ஏற்றுகிறார்கள். பொலிஸ் முதலில் கம்பனிக்கு எழுதும், கம்பனி உங்கள் பெயரைக் கொடுக்கும், பிறகு உங்களுக்கு எழுதும். உங்கள் கைக்கு வர ஒரு மாதம் போயிருக்கலாம். அது பிந்திய கடிதம் ஆகாது. கேட்கவேண்டிய கேள்வி, கம்பனிக்கு எப்போது வந்தது என்பது. அப்பாவின் பெயரில் கார், மகன் ஓடுவது என்றாலும் இதே கதை.

வீடு மாறி லொக்புக்கில் முகவரியை மாற்றாதவர்களுக்கு இந்த வாதம் அனேகமாகக் கைகொடுக்காது. கடிதம் பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தால் பிந்தியதற்குக் காரணம் நீங்கள்தான் என்று சட்டமே சொல்கிறது. முகவரி மாற்றாததற்கே 1000 பவுண் வரை தண்டம் உண்டு. புதிதாக வாங்கிய பழைய காருக்கும், பெயர் மாறிக்கொண்டிருக்கும் இடைவெளியில் பொலிஸுக்கு உரியவரைத் தேட நேரம் எடுத்திருந்தால், அந்தத் தாமதம் மன்னிக்கப்படும்.

இன்னொன்று: வந்தது முதல் கடிதமா, நினைவூட்டலா என்று பாருங்கள். முதலாவது தொலைந்து இரண்டாவது மட்டும் கிடைத்தவர்கள் அதன் தேதியைப் பார்த்துத் துள்ளுவதை நான் பல தரம் கண்டிருக்கிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை

சரி, கடிதம் உண்மையாகவே பிந்தித்தான் வந்தது, 19-ஆம் நாள், ஆதாரமும் கையில் இருக்கிறது. அப்போதும் பேசாமல் இருக்கக்கூடாது. பெரும்பாலான ஆட்கள் விழும் குழி இதுதான், நானும் விழுந்தேன்.

அந்தக் கடிதத்தோடு இன்னொரு தாள் சேர்ந்து வரும், "அந்த நேரம் வாகனத்தை ஓட்டியவர் யார்?" என்று. அது வேறு சட்டம், 1988-ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் 172-ஆம் பிரிவு. அதற்கு 28 நாளுக்குள் பதில் கொடுக்கவேண்டும். என்.ஐ.பி. பிந்தியதால் இந்தக் கடமை போகாது. வேகத்துக்கு வழக்கமாக லைசன்ஸில் 3 பொயிண்ட் (தண்டப் புள்ளி), 100 பவுண். பதில் கொடுக்காவிட்டால் 6 பொயிண்ட், 1000 பவுண் வரை தண்டம். எம்.எஸ்.90 என்ற குறியீடு லைசன்ஸில் ஏறினால் இன்சூரன்ஸ்காரன் அதைக் கண்டதும் தொகையை ஏற்றுவான். லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாத பிள்ளைகளுக்கு 6 பொயிண்ட் என்றால் லைசன்ஸே ரத்து. திரும்பப் பழகுநரின் 'எல்' பலகையில் இருந்து ஓடவேண்டும்.

எனக்கு நடந்தது அப்படித்தான். பிந்தி வந்த கடிதம், கூட வேலை செய்தவர்கள் "தூக்கி எறி" என்றார்கள், எறிந்தேன். வேகக் குற்றம் விழுந்துபோனது. பதில் சொல்லாத குற்றம் என் மேல் விழுந்தது. 3-க்குப் பயந்து 6 வாங்கினேன்.

ஆகவே படிவத்தை நிரப்பி, ஓட்டியவர் பெயரை எழுதி, கையெழுத்தும் வைத்து அனுப்புங்கள். கையெழுத்து இல்லாத படிவம் பதில் கொடுக்காததற்குச் சமம். தபாலில் போட்டால் போட்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள், அங்கே தபால் கந்தோரில் அது இலவசம். கூடவே ஒரு சிறு கடிதம்: இன்ன தேதியில்தான் அறிவித்தல் கிடைத்தது, 14 நாள் தாண்டிவிட்டது, ஆதாரம் இணைத்திருக்கிறேன், முதல் அறிவித்தலை எப்போது, எப்படி அனுப்பினீர்கள் என்று தெரிவியுங்கள். இவ்வளவு போதும். பெயர் எழுத்துப் பிழை, வீதியின் பெயர் அரைகுறை என்று சில்லறைக் குறைகளை அதில் கொட்டினால் உள்ள நல்ல வாதமும் நீர்த்துப்போகும்.

நம்மவருக்கு 28 நாள் ஆகஸ்ட் 12-உடன் முடிகிறது. அவர் திரும்பிப் போவது 28-ஆம் தேதி. "போய்ப் பார்ப்பம்" என்றிருந்தால் கதை முடிந்தது. பல பொலிஸ் பிரிவுகள் இணையத்திலும் பதில் வாங்குகின்றன. கடிதத்தில் உள்ள இலக்கத்தைக் கொடுத்து உள்ளே போகலாம். மருமகனிடம் முழுத்தாளும் தெரிய மீண்டும் படம் எடுக்கச் சொல்லி, சிக்னல் நல்லாக இருந்த கிணற்றடியில் நின்று அன்றைக்கே நிரப்பினோம்.

நிரப்பும்போது கொஞ்சம் இழுத்தார். "அண்ணை, ஓடினது பரந்தனில் இருக்கிற மாமா எண்டு போட்டால் என்ன? அவர் அப்ப லண்டனுக்கு விசிற்றுக்கு வந்தவர். இப்ப இஞ்ச. அவங்கள் இஞ்ச வந்து பிடிப்பாங்களோ?"

மாமாவைப் பிடிக்கமாட்டார்கள், உங்களைத்தான் பிடிப்பார்கள். மாமாவின் பாஸ்போர்ட்டில் இலங்கைக்குத் திரும்பிய தேதி இருக்கும், கமெராப் படத்தில் முகம் இருக்கலாம். பொய்ப் பெயர் கொடுப்பது நீதிக்கு இடையூறு செய்யும் குற்றம், வழக்கமாக மறியல்தான், அதாவது சிறை. 2003-இல் நடந்த ஒரு வேகக் குற்றத்தின் பொயிண்டை மனைவி தன் பெயரில் ஏற்றதற்கு, பிரிட்டிஷ் அமைச்சராக இருந்த கிறிஸ் ஹூனும் அவருடைய முன்னாள் மனைவி விக்கி பிரைஸும் 2013-இல் ஆளுக்கு 8 மாத மறியல் வாங்கினார்கள். மந்திரிக்கே அந்த நிலை என்றதும் நம்மவர் மாமாவை விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு

பதில் போனபின் 100 பவுண் தண்டத்துக்கோ, அதற்குப் பதிலாகப் போகும் வேக விழிப்புணர்வு வகுப்புக்கோ அழைப்பு வரலாம். பிந்திய கடிதம் என்று வாதாட நினைத்தால் இரண்டையும் ஏற்கக்கூடாது. ஏற்றால் விஷயம் அதோடு முடிந்துவிடும், பிறகு தேதிக் கணக்கைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மறுபக்கம், ஆதாரம் இல்லாமல் வீம்புக்கு நீதிமன்றம் போனால் தண்டம் 1000 பவுண் வரை, மோட்டர்வே என்றால் 2500 வரை ஏறலாம். வழக்குச் செலவு வேறு. குற்றத்தை முதலே ஒப்புக்கொண்டால் தண்டத்தில் கிடைக்கும் மூன்றில் ஒரு பங்கு கழிவும் போய்விடும். என்னைக் கேட்டால், உறையோ படமோ சாட்சியோ இல்லாதவர் வகுப்புக்குப் போய்விட்டு வருவதுதான் புத்தி. மூன்று வருடத்துக்கு ஒரு தரம்தான் அந்த வாய்ப்பு.

ஊரில் மாதக்கணக்கில் நின்றுவிட்டுப் போய், கதவைத் திறந்தால் தண்டனையே முடிந்து கிடப்பதும் உண்டு. வழக்கு நடந்ததே தெரியாது என்றால், தெரியவந்து 21 நாளுக்குள் சத்தியக் கூற்று ஒன்று கொடுத்து அந்தத் தீர்ப்பை நீக்கி, வழக்கை முதலில் இருந்து தொடங்க வைக்கலாம். பெட்டியை இறக்கி, முறுக்கும் மிளகாய்த்தூளும் பங்கு போட்டு முடியும்வரை அந்தக் கடிதக் கட்டைத் தள்ளி வைக்காதீர்கள்.

நம்மவர் கடைசியில் வகுப்புக்குத்தான் போனார். அவருக்குக் கடிதம் பிந்தவில்லை. உண்மையாகப் பிந்தியது என் பெரியம்மாவின் பேத்திக்கு, 18-ஆம் நாள். அவள் உறையைப் படம் எடுத்திருந்தாள், 28 நாளுக்குள் பதிலும் போட்டாள், நான் சொன்ன அந்தச் சிறு கடிதத்தையும் வைத்தாள். ஆறு கிழமை கழித்து, நடவடிக்கை எடுக்கவில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தப் படத்தையும் எனக்கு அனுப்பியிருந்தாள், வழக்கம்போல ஓரம் வெட்டுப்பட்டு.